7. சும்மா கிடக்கும் சீரியல் போர்ட்டுகளை எழுப்புவது

போன அத்தியாயத்தில் தூசு சென்சாரைப் பலகையோடு சேர்த்து, காற்றில் இருக்கும் நுண்துகளின் அளவைக் கணினித் திரையில் பார்த்தோம். அதோடு விட்டால் பெட்டி வீட்டு மேசையிலேயே இருந்துவிடும். நமக்கு வேண்டியது ஊர் சுற்றும் பெட்டி. 2015-லும் 2019-லும் சுமத்ராவில் காடும் கரிச்சதுப்பு நிலமும் எரிந்து, அந்தப் புகை தென்மேற்குக் காற்றோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்த நாள்களைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கையில் இப்படியொரு பெட்டி இருந்திருந்தால், தண்ணீர்மலை அடிவாரத்தில் என்ன அளவு, லிட்டில் இந்தியாவின் நெரிசலில் என்ன அளவு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில் என்ன அளவு என்று நாமே எடுத்திருக்கலாம்.

அதற்கு இன்னும் இரண்டு சாதனம் வேண்டும். எந்த இடத்தில் எடுத்த அளவு என்று சொல்ல ஒரு ஜிபிஎஸ். எடுத்ததை உடனே அனுப்பிவைக்க ஒரு 4ஜி மோடம். தூசு சென்சாரையும் சேர்த்தால் மூன்று. மூன்றும் சீரியலில்தான் பேசும். நம் அர்டுயினோ ஸீரோ பலகையிலோ 0, 1 என்ற இரண்டு கால்களில் ஒரே ஒரு சீரியல் போர்ட்தான் வெளியே வந்திருக்கிறது. மிச்சம் இரண்டுக்கு என்ன வழி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் 'போர்டு', 'போர்ட்' இரண்டையும் தமிழில் சொல்லும்போது ஒன்றுபோலவே காதில் விழுகிறது. பாதிக் குழப்பம் அங்கேயே வந்துவிடுகிறது. அதனால் இந்த நூல் முழுக்கப் பலகை என்றால் பலகை, போர்ட் என்றால் சீரியல் போர்ட். சிப்பிலிருந்து நீளும் பின்னைக் கடைக்காரர்கள் சொல்வதுபோலவே 'கால்' என்கிறேன். அனுப்பும் கால் டிஎக்ஸ், வாங்கும் கால் ஆர்எக்ஸ்.

சாஃப்ட்வேர் சீரியல் ஏன் வேண்டாம்

இந்தப் பெட்டியை நான் முதன்முதலில் ஊனோ பலகையில்தான் கட்டினேன். அதில் உண்மையான போர்ட் ஒன்றுதான். அதை மோடத்துக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் சாஃப்ட்வேர் சீரியல் போட்டேன். தனித்தனியாகச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. சேர்த்து ஓடவிட்டதும் ஜிபிஎஸ் வரிகள் பாதி பாதியாக அறுந்து வந்தன, மோடம் சொன்ன பதில்களில் எழுத்துகள் விழுந்துபோயின. வயரைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு மாலை முழுக்க வயரை மாற்றிக்கொண்டே இருந்தேன். வயரில் ஒரு குறையும் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

9600 வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோவிநாடி. ஓர் எழுத்துக்கு எட்டு பிட், முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட், ஆகப் பத்து. அதாவது ஓர் எழுத்தை வாங்க ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி ஆகிறது. சாஃப்ட்வேர் சீரியலில் அந்த ஒரு மில்லிவிநாடியும் சிப் வேறு எந்த இன்டரப்டுக்கும் காது கொடுக்காமல் பிட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மோடம் 115200 வேகத்தில் பேசுகிறது. அந்த வேகத்தில் 87 மைக்ரோவிநாடிக்கு ஓர் எழுத்து வந்துவிடும். ஒரு மில்லிவிநாடிக்குள் பதினோரு எழுத்து. ஊனோ சிப்பின் போர்ட்டில் காத்திருக்கும் இடம் இரண்டு எழுத்துக்குத்தான். மற்றவை போயே போய்விடும். இது போதாதென்று, இரண்டு சாஃப்ட்வேர் போர்ட்டுகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்க முடியும். ஒருவர் பேசும்போது அடுத்தவர் பேச்சு காற்றோடு போய்விடும்.

எப்போதாவது ஒரு கட்டளையை அனுப்பி ஒரு பதிலை வாங்கும் வேலைக்கு அது போதும். மூன்று சாதனம் ஒரே நேரத்தில் பேசும் பெட்டிக்கு, பிட்டுகளைத் தானே எண்ணிக்கொள்ளும் உண்மையான வன்பொருள் போர்ட்தான் வேண்டும். ஸீரோ பலகையில் அது ஏற்கெனவே இருக்கிறது. யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

ஆறு அறைகள்

ஸீரோவின் மூளை சாம் டி21 என்ற சிப். அதற்குள் செர்காம் என்ற பகுதி ஆறு உண்டு, எண் 0 முதல் 5 வரை. ஒவ்வொன்றையும் சீரியல் போர்ட்டாகவோ, ஐ2சி ஆகவோ, எஸ்பிஐ ஆகவோ நாம் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். பலகை கடையிலிருந்து வரும்போதே 0 முதல் போர்ட்டுக்கும், 3 ஐ2சி-க்கும், 4 எஸ்பிஐ-க்கும், 5 புரோகிராமிங் யுஎஸ்பி பக்கம் பேசுவதற்கும் போய்விடுகின்றன. 1-ம் 2-ம் சும்மா கிடக்கின்றன. நமக்கு வேண்டியதும் சரியாக இரண்டுதான்.

ஒரு சீரியல் போர்ட்டுக்கே ஒரு முழு சிப் தேவைப்பட்ட காலம் இருந்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் இருந்த 8250, நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் சிப். 40 கால். அந்த 40 காலும் ஒரே ஒரு போர்ட்டுக்காக. பின்னால் வந்த 16550-ல்தான் 16 எழுத்து காத்திருக்க இடம் கிடைத்தது. அந்த நேஷனல் செமிகண்டக்டருக்கு எங்கள் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை இருந்தது. பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்தை 1969-ல் இழந்து, வேலையில்லாமல் இளைஞர்கள் தவித்த நேரத்தில், அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரத்தை 1972-ல் திறந்தார். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டு இங்கேதான் தொடங்கியது.

என் அத்தை அந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பல ஆண்டு வேலைக்குப் போனார். விடியுமுன் ஃபேக்டரி பஸ் வரும். வேலை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சிப்பிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது. எந்தக் கால் எதற்கு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கேட்கும் வாய்ப்பும் இருந்ததில்லை. இன்று நம் கையில் இருக்கும் சிப் 7 மில்லிமீட்டர் சதுரம், 48 கால், உள்ளே ஆறு செர்காம். எந்தக் கால் எதற்கு என்று சொல்லும் அட்டவணை யாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதை வாசிக்கப் பழகாமல் யாரோ எழுதிய நிரலை அப்படியே ஒட்டும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. ஆகவே கணினியைத் தொடுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் முதலில்

ஒவ்வொரு செர்காமுக்கும் நான்கு பேட், எண் 0 முதல் 3 வரை. பேட் என்பது அந்த அறையின் கதவு. ஆர்எக்ஸ் நான்கில் எந்தக் கதவிலும் இருக்கலாம். டிஎக்ஸ் மட்டும் 0 அல்லது 2-ல்தான் இருக்க முடியும். இதை மறந்து டிஎக்ஸை 1-லோ 3-லோ வைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். சிப்பின் அமைப்பிலேயே அந்த வழி கிடையாது.

சிப்பின் தரவுத்தாளில் கால்களின் பன்முகப் பணி அட்டவணையைத் திறந்தால், பல கால்களுக்கு செர்காம் என்ற பெயர் இரண்டு நெடுவரிசையில் வருவதைப் பார்க்கலாம். முதல் வரிசை முதன்மைப் பணி, அடுத்தது மாற்றுப் பணி. பலகையில் 10 என்று எழுதியிருக்கும் கால் சிப்பில் பிஏ18. அதன் முதன்மைப் பணி செர்காம் 1, பேட் 2. மாற்றுப் பணி செர்காம் 3, பேட் 2. பலகையில் 11 என்பது பிஏ16. அது முதன்மையில் செர்காம் 1, பேட் 0. ஆக 10-ஐ டிஎக்ஸாகவும் 11-ஐ ஆர்எக்ஸாகவும் வைத்தால் இரண்டாம் போர்ட் தயார்.

மூன்றாவதற்கு செர்காம் 2. பலகையின் 2-ஆம் கால் பிஏ14, முதன்மையில் செர்காம் 2, பேட் 2. டிஎக்ஸ் அங்கே. 5-ஆம் கால் பிஏ15, அதே செர்காமின் பேட் 3. ஆர்எக்ஸ் அங்கே. இரண்டும் முதன்மை வரிசையிலேயே கிடைத்துவிட்டதால் வேலை எளிது. 3, 4 கால்களை எடுத்திருந்தால் செர்காம் 2 மாற்று வரிசையில்தான் கிடைக்கும், நிரலிலும் மாற்றுப் பணி என்று குறிப்பிட வேண்டியிருக்கும்.

தாளில் ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள்: போர்ட்டின் பெயர், செர்காம் எண், ஆர்எக்ஸ் காலும் பேடும், டிஎக்ஸ் காலும் பேடும், முதன்மையா மாற்றா. எழுதி முடித்ததும் அந்தக் கால்களை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். எஸ்டி கார்டு ஷீல்டு பலவும் 10-ஆம் காலை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 11-ஐ டிஎக்ஸாக்கி, பேட் 3-ல் இருக்கும் 12-ஐ ஆர்எக்ஸாக்கலாம். இன்னொன்று, பெயரில் எம்0 என்று வரும் சில பலகைகளில் 2-ம் 4-ம் இடம் மாறியிருக்கும். ஸீரோவுக்கு எழுதியதை அதில் ஏற்றினால் டிஎக்ஸ் ஊமையாகிவிடும்.

நிரலில் நான்கு வேலை

முதல் வேலை, 'வயரிங் பிரைவேட்' என்ற தலைப்புக் கோப்பைச் சேர்ப்பது. இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு உண்டு. கால்களின் பணியை மாற்றும் செயற்கூறு அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, 'யூஆர்ட்' வகையில் சீரியல்2 என்ற பெயரில் ஒரு பொருளை உருவாக்குவது. அடைப்புக்குள் ஐந்து தகவல் இந்த வரிசையில் போகவேண்டும்: செர்காம்1-இன் முகவரி, ஆர்எக்ஸ் கால் 11, டிஎக்ஸ் கால் 10, ஆர்எக்ஸ் பேட் 0, டிஎக்ஸ் பேட் 2. ஆர்எக்ஸ்தான் முன்னால் வரும் என்பதைக் கவனியுங்கள். பேடின் பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆர்எக்ஸ் பேடின் பெயர் 'செர்காம்' என்று தொடங்கும், டிஎக்ஸ் பேடின் பெயர் 'யூஆர்ட்' என்று தொடங்கும்.

மூன்றாவது, இன்டரப்ட் கையாளி. அந்த செர்காமில் ஏதாவது நடந்ததும் சிப் தேடிப்போகும் செயற்கூறு இது. அதன் பெயரை நாம் வைக்க முடியாது. செர்காம்1 என்பது முழுக்கப் பெரிய எழுத்தில், அடுத்து அடிக்கோடு, அடுத்து ஹேண்ட்லர் என்ற சொல், அதில் முதலெழுத்து மட்டும் பெரியது. உள்ளே ஒரே வரி, சீரியல்2-இன் இன்டரப்ட் கையாளியை அழைக்கும் வரி.

நான்காவது, 'செட்அப்' பகுதியில் போர்ட்டை 9600 வேகத்தில் தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகு 10, 11 கால்களின் பணியை செர்காமுக்கு மாற்றுவது. வரிசை முக்கியம். தொடங்கும் கட்டளை, பலகையின் பட்டியலில் அந்தக் காலுக்கு முன்பே எழுதியிருக்கும் பணியைக் கொண்டுவந்து வைத்துவிடும். முன்கூட்டியே மாற்றினால் நம் மாற்றம் அழிந்துபோகும். பின்னால் வேகத்தை மாற்ற மறுபடி தொடங்கினாலும், கால்களின் பணியை மறுபடி மாற்றியாக வேண்டும்.

சீரியல்3-க்கும் இதே நான்கும்தான், எண்களைத் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு வகுப்பில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "சார், போர்ட்டே காணாமப் போச்சு சார்." நிரல் பிழையில்லாமல் ஏறியிருந்தது, ஏறிய அடுத்த நொடி கணினியிலிருந்து பலகையே மறைந்துவிட்டது. பலகை செத்துவிட்டது என்று நினைத்து அவள் முகம் வாடிப்போயிருந்தது. நிரலை மேலிருந்து கீழே விரலால் தொட்டு வாசித்தோம். ஹேண்ட்லர் என்ற சொல்லின் முதலெழுத்தைச் சின்ன எழுத்தாகப் போட்டிருந்தாள். தொகுப்பான் அதை வேறு ஏதோ ஒரு செயற்கூறு என்று எடுத்துக்கொண்டு பேசாமல் விட்டுவிட்டது. முதல் இன்டரப்ட் வந்த கணமே சிப் தன் கையாளியைத் தேடிப்போய், அங்கே முன்னிருப்பாக வைத்திருக்கும் முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்டது. நேட்டிவ் யுஎஸ்பி-யும் இன்டரப்டில் ஓடுவதுதான் என்பதால் அதுவும் நின்றுபோனது. ரீசெட் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை வேகமாகத் தட்டச் சொன்னேன். பூட்லோடர் எழுந்தது, பலகை கணினியில் திரும்பத் தெரிந்தது. அவள் அன்று வீட்டுக்குப் போகுமுன் மூன்றாவது போர்ட்டையும் தானே எழுப்பிக் காட்டினாள்.

வணக்கம் சொல்லிப் பாருங்கள்

எந்தச் சாதனத்தையும் மாட்டுமுன் 10-ஐயும் 11-ஐயும் ஒரே வயரால் இணைத்துவிடுங்கள். பலகை தான் அனுப்பியதைத் தானே வாங்கும். சீரியல்2-இல் 'வணக்கம்' என்று அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் காட்டுங்கள். எத்தனை பைட் வந்தது என்றும் எண்ணச் சொல்லுங்கள். 21 என்று காட்டும். கண்ணுக்கு ஐந்து எழுத்துதான். ஆனால் யூனிகோடில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறிகள், யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 21 பைட்டுக்கு 210 பிட், 9600 வேகத்தில் ஏறக்குறைய 22 மில்லிவிநாடி. புள்ளி இல்லாமலோ, கட்டம் கட்டமாகவோ சொல் திரும்பி வந்தால் நடுவில் பைட் விழுகிறது என்று பொருள். ஆங்கில எழுத்தை வைத்துச் சோதிப்பதைவிட இது கண்டிப்பான சோதனை, ஒரு பைட் தவறினாலும் சொல் உடைந்துபோகும்.

ஒன்றுமே வரவில்லை என்றால் பேட் எண்ணையோ கால் பணி மாற்றிய வரியையோ பாருங்கள். அனுப்புவது ஒரு வேகம், வாங்குவது ஒரு வேகம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை, இரண்டும் ஒரே போர்ட். சாதனத்தை மாட்டிய பிறகு குப்பை எழுத்தாக வந்தால்தான் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சாதனங்களை மாட்டுவது

மோடத்துக்கு முதல் போர்ட், ஜிபிஎஸ்ஸுக்கு இரண்டாவது, தூசு சென்சாருக்கு மூன்றாவது. சாதனத்தின் டிஎக்ஸ் பலகையின் ஆர்எக்ஸுக்குப் போகவேண்டும், அதன் ஆர்எக்ஸ் நம் டிஎக்ஸுக்கு. சாதனத்தில் அச்சடித்திருப்பதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. சில தொகுதிகளில் 'இந்தக் காலில் எதை மாட்டவேண்டும்' என்ற கணக்கில் பெயரைத் திருப்பி அச்சடித்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் சாதனத்துக்கு மின்சாரம் மட்டும் கொடுத்து, மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையைக் காலிலும் வையுங்கள். சீரியலில் டிஎக்ஸ் சும்மா இருக்கும்போது உயர் நிலையில் நிற்கும், 3.3 வோல்ட்டுக்கு அருகே காட்டும். ஜிபிஎஸ் பேசும்போது முள்ளோ எண்ணோ லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

ஸீரோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் சமிக்ஞை தரும் பழைய தொகுதி எதையும் நேராக மாட்டாதீர்கள். அதன் டிஎக்ஸிலிருந்து 10 கிலோஓம், அடுத்து கிரவுண்டுக்கு 20 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டரைப் போட்டு, நடுவிலிருந்து எடுத்தால் 3.33 வோல்ட் வரும். பிஎம்எஸ்5003 தூசு சென்சாரில் விசிறி சுழல 5 வோல்ட் மின்சாரம் வேண்டும், ஆனால் அதன் சமிக்ஞை 3.3 வோல்ட்தான், கவலையில்லை. அந்த சென்சாரும் ஜிபிஎஸ்ஸும் கேட்காமலே பேசிக்கொண்டிருப்பவை. அதனால் கால் பற்றாக்குறை வந்தால் அவற்றுக்கு ஆர்எக்ஸ் வயர் ஒன்றே போதும். எல்லாவற்றின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். மோடம் கோபுரத்தோடு பேசத் தொடங்கும் கணத்தில் நிறைய மின்னோட்டம் இழுக்கும். அதற்குத் தனி மின்வழி கொடுங்கள். பலகை தானாக ரீசெட் ஆகிறது என்று வரும் புகார்களில் நான் பார்த்த பெரும்பாலானவை இதில்தான் முடிந்தன.

நிரலில் 'டிலே' போடுவதை நிறுத்துங்கள். ஜிபிஎஸ் விநாடிக்கு நானூறு, ஐந்நூறு எழுத்து அனுப்பும். வன்பொருள் போர்ட் பிட்டை எண்ணும் வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. வந்த எழுத்தை நூலகம் ஒரு சின்னத் தொட்டியில் போட்டு வைக்கும், அங்கிருந்து அள்ள வேண்டியது நம் வேலை. இரண்டு விநாடி தூங்கினால் தொட்டி வழிந்துவிடும். முதன்மைச் சுழல் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று போர்ட்டையும் எட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்துவைத்துவிட்டு நகரட்டும்.

வேறு பலகை வைத்திருப்பவர்களுக்கு

மெகா 2560-ல் நான்கு வன்பொருள் போர்ட் நேரடியாகவே உண்டு, எழுப்பும் வேலை இல்லை. ஆனால் அது 5 வோல்ட் பலகை. இஎஸ்பி32-ல் மூன்று, கால்களை நிரலிலேயே ஏறக்குறைய விரும்பிய இடத்துக்கு மாற்றலாம். அதன் ஒன்றாம் எண் போர்ட்டின் முன்னிருப்புக் கால்கள் 9-ம் 10-ம் பல தொகுதிகளில் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போயிருப்பதால், கட்டாயம் வேறு கால் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். ராஸ்பெரி பை பிக்கோவில் இரண்டு, அதற்கு மேல் வேண்டுமானால் பிஐஓ பகுதியில் எழுதிக்கொள்ளலாம். சிப்பில் இடமே இல்லை என்ற நிலையில் எஸ்சி16ஐஎஸ்752 போன்ற தனி சிப் இருக்கிறது. ஐ2சி அல்லது எஸ்பிஐ வழியே மாட்டினால் இரண்டு போர்ட் தரும், ஒவ்வொன்றிலும் 64 எழுத்து காத்திருக்க இடம் உண்டு.

ஓர் இரவு

மூன்றும் தனித்தனியாக ஓடியதை வைத்துப் பெட்டியை மூடிவிடாதீர்கள். தூசு சென்சார் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலமும் 32 பைட். முதல் இரண்டு 66, 77 என்ற எண்கள், அடுத்த இரண்டில் மிச்ச நீளம் 28, கடைசி இரண்டு பைட்டில் முதல் 30 பைட்டின் கூட்டுத்தொகை. வரும் பொட்டலம் ஒவ்வொன்றையும் கூட்டிப் பாருங்கள். பொருந்தாதவற்றுக்கு ஓர் எண்ணி, ஜிபிஎஸ் வரியின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாதவற்றுக்கு இன்னோர் எண்ணி. மோடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லி, மூன்றையும் சேர்த்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவை மட்டும் ஜன்னல் ஓரத்தில், வானம் தெரியும்படி வையுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் அந்த இரண்டு எண்ணியையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால், தாளில் போட்ட கட்டத்தைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி, திருகை முடுக்குங்கள்.